எரர் மெசேஜில் நாலு கேள்விக்குறி

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் நான் மட்டும்தான். பேச நினைச்சிருந்தது வேற விஷயம். ஆனா போன வாரம் நம்ம இன்பாக்ஸுக்கு ஒரு காலேஜ் மாணவி மூணு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தாங்க. கீழே எழுதியிருந்தது ரெண்டு வரிதான்: “அண்ணா, மூணும் ஒரே ஃபைல், மூணு கம்ப்யூட்டர். எரர் மட்டும் மூணு மாதிரி வருது, இதுல எது நிஜம்?”

அந்த ஃபைலோட பேர் ‘செலவு’. ஹாஸ்டல் மெஸ் கணக்கு போல. முதல் படம் அவங்க லேப்டாப், விண்டோஸ். கறுப்பு கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஒரு எரர், பேர் வரவேண்டிய இடத்துல வரிசையா அஞ்சு கேள்விக்குறி. ரெண்டாவது படம் தோழியோட மெஷின். அதுல கட்டம் கட்டமா காலிப் பெட்டி. மூணாவது காலேஜ் லினக்ஸ் சர்வர். அதுல பேருக்குப் பதிலா சாய்கோடு போட்டு 340, சாய்கோடு போட்டு 256, அப்புறம் 232ன்னு ரயில் மாதிரி நம்பர் ஓடுது.

எது நிஜம்னு கேட்டது ரொம்ப சரியான கேள்வி. பெரும்பாலானவங்க கேக்குறது “இதை எப்படி சரி பண்றது”ன்னுதான். உடனே நெட்ல தேடி, யாரோ சொன்ன ஒரு கமாண்டை ஓட்டி, சரியாகலைன்னா இன்னொண்ணை ஓட்டி... நானும் அதே ஆள்தான். அதனால எனக்கு ஒரு நாள் ஆனதை முதல்ல சொல்லிடறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஞாயித்துக்கிழமைகள்ல ஒரு சின்னக் குழுவோட சேர்ந்து பழைய தமிழ் மாத இதழ்களை ஸ்கேன் பண்ணிட்டு இருந்தோம். ஒரு வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர், உள்ளே 12 பிடிஎஃப். 01, 02ன்னு நம்பர்லதான் பேர் வைக்கணும்னு பேசி வெச்சிருந்தோம். ஆனா ஒரு ஃபோல்டர்ல யாரோ ஒருத்தர் 02க்குப் பதிலா ‘மாசி’ன்னு பேர் வெச்சுட்டார். அழகான பேர்தான், தப்பு சொல்ல முடியாது.

என் வேலை, எல்லா பிடிஎஃப்பையும் ஒரு பழைய டூல் வழியா ஓட்டி, கெட்டுப்போன ஃபைல் இருக்கான்னு பாக்குறது. கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஓட்டினேன். பதினொண்ணு சரி. ஒண்ணு மட்டும் எரர்: நாலு கேள்விக்குறி டாட் பிடிஎஃப், திறக்க முடியலைன்னு. அப்ப எனக்கு என்ன தோணுச்சு? ‘மாசி’ ஃபைல் கெட்டுப்போச்சு, தமிழ்ப் பேர்ங்கறதால கறுப்பு ஸ்க்ரீன்ல கேள்விக்குறியா தெரியுது, அவ்வளவுதான். அழிச்சுட்டு மறுபடி ஸ்கேன் பண்ணிக்கலாம். எரர்ல இருந்த பேரை அப்படியே காப்பி பண்ணி, டெல்னு அடிச்சு, ஒட்டி, என்டர் தட்டினேன்.

கமாண்ட் லைன்ல கேள்விக்குறிக்கு ஒரு அர்த்தம் இருக்கு. ‘இந்த இடத்துல எந்த எழுத்தா இருந்தாலும் பரவாயில்லை’. விண்டோஸ்ல இன்னும் ஒரு படி மேலே. பேர் முடியற இடத்துல வர்ற கேள்விக்குறி, எழுத்தே இல்லைன்னாலும் ஒத்துக்கும். ஆக நான் சொன்னது, ‘நாலு எழுத்து வரைக்கும் பேர் இருக்கிற எல்லா பிடிஎஃப்பையும் அழி’. 01லேருந்து 12 வரைக்கும் எல்லாம் ரெண்டெழுத்துப் பேர். ஒரு முழு வருஷம் போச்சு. ‘நிச்சயமா?’ன்னு கேக்கவும் இல்லை, ரீசைக்கிள் பின்னுக்கும் போகலை. டெல் கமாண்ட் ரெண்டையும் செய்யாது.

ஏழு இதழ் இன்னொருத்தர் ஹார்ட் டிஸ்க்ல இருந்துச்சு. அஞ்சை மறுபடி ஸ்கேன் பண்ணினோம். அதுல ஒரு இதழோட அட்டை ரெண்டாவது தடவை விரிக்கும்போது கையோட வந்துடுச்சு. அந்தப் பெரியவர் ஒண்ணும் சொல்லலை. அட்டையை ஒரு கவர்ல போட்டு வெச்சுக்கிட்டார். திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

இதுல கொடுமை என்னன்னா, ‘மாசி’ கெட்டே போகலை. ஃபைல் நல்லாத்தான் இருந்துச்சு. அது எப்படின்னு சொல்றதுக்கு முன்னாடி, ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய்ட்டு வந்துடுவோம்.

மதுரைப் பக்கம் மொய் எழுதுறதைப் பாத்திருப்பீங்க. வாசல்ல ஒரு மேஜை, நீள நோட்டு, ஒருத்தர் பணம் வாங்குவார், ஒருத்தர் எழுதுவார். ஊர், பேர், தொகை. நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்யணும்ல, அதனால பேர் முக்கியம். இப்ப அந்த நோட்டுல மூணு விதமா சிக்கல் வரலாம். ஒண்ணு, எழுதினவர் கையெழுத்து நமக்குப் புரியலை. கோழிக் கிறுக்கல். ஆனா அவர்கிட்டயே கொடுத்தா படிச்சுடுவார். ரெண்டு, நோட்டு நல்லாத்தான் இருக்கு, நம்ம கண்ணாடியை வீட்ல வெச்சுட்டு வந்துட்டோம். மூணு, எழுதுறவருக்குப் பேர் காதுல சரியா விழலை, கூட்டம் வேற நெருக்குது, ‘யாரோ – 500’னு எழுதிட்டார். இந்த மூணாவதை யாராலயும் சரி பண்ண முடியாது. எழுதினவரைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியாது.

எரர் மெசேஜ்ல வர்ற கேள்விக்குறி அந்த ‘யாரோ – 500’தான்.

அது ஒரு தெளிவில்லாத தமிழ் எழுத்துன்னு நினைச்சுடாதீங்க. அது நிஜமாவே கேள்விக்குறி, கீபோர்டுல இருக்கிற அதே கேள்விக்குறி. எங்கேயோ ஒரு ப்ரோக்ராம், தமிழ் எழுத்தைத் தன்னோட பட்டியல்ல தேடிப் பாத்து, இல்லாததால, அதைத் தூக்கிப் போட்டுட்டு இதை வெச்சுடுச்சு. ஃபான்ட் மாத்தினாலும் வராது, டெர்மினல் மாத்தினாலும் வராது. அந்த மெசேஜை ஒரு லாக் ஃபைல்ல சேமிச்சிருந்தா, அந்த லாக்ல பேர் இல்லை, அவ்வளவுதான்.

என் டூலுக்கு நடந்ததும் அதுதான். விண்டோஸ் தன்னோட வயித்துக்குள்ள ஃபைல் பேரையெல்லாம் யூனிகோட்லதான் வெச்சிருக்கு. ஆனா ப்ரோக்ராம்களுக்கு ரெண்டு வாசல் வெச்சிருக்கு. புது வாசல் வழியா வந்து கேட்டா யூனிகோட் பேரே கிடைக்கும். பழைய வாசல் வழியா வந்தா, அந்த கம்ப்யூட்டரோட ஏஎன்எஸ்ஐ கோட் பேஜுக்கு மாத்திக் கொடுக்கும். கோட் பேஜ்ங்கறது ஒரு 256 கட்டம் போட்ட அட்டவணைன்னு வெச்சுக்கோங்க. ஆங்கிலம்-இந்தியா செட்டிங்ல அது 1252. மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்குப் போட்ட அட்டவணை. அதுல ‘மா’வும் இல்லை, ‘சி’யும் இல்லை. என் பழைய டூல் பழைய வாசல் ஆள். ‘மாசி’ன்னு கூப்பிட்டுக் கொடுத்தது, அது கைக்குப் போகும்போதே நாலு கேள்விக்குறி ஆயிடுச்சு. அந்தப் பேர்ல ஃபைலைத் தேடினா எப்படிக் கிடைக்கும்? விண்டோஸ்ல ஃபைல் பேர்ல கேள்விக்குறி வைக்கவே முடியாது! அதனால ‘திறக்க முடியலை’. எரர் மெசேஜ்ல பேர் தப்பா தெரிஞ்சதே அந்த எரருக்கான காரணமும். அன்னைக்கே இதை யோசிச்சிருந்தா அந்த அட்டை கிழிஞ்சிருக்காது.

ரஷ்ய மொழிக்கு 1251, ஜப்பான் மொழிக்கு 932, தாய்லாந்து மொழிக்கு 874ன்னு விண்டோஸ்ல சொந்த கோட் பேஜ் உண்டு. தமிழுக்கு அப்படி ஒண்ணு கிடையாது. தமிழ் அங்கே யூனிகோட் மூலமா மட்டும்தான் வந்துச்சு. அதனால ஜப்பான்காரருக்கு அவர் ஊர் கம்ப்யூட்டர்ல பழைய வாசலும் ஓரளவு வேலை செஞ்சிருக்கும், நமக்கு அந்த வாசல் எப்பவுமே மூடித்தான் இருந்துச்சு.

இங்கே ஒரு சின்ன துப்பறியும் வேலை இருக்கு, எனக்குப் பிடிச்சது. கேள்விக்குறியை எண்ணுங்க. ‘மாசி’ நம்ம கண்ணுக்கு ரெண்டெழுத்து. யூனிகோட் கணக்குல நாலு: ம, கால், ச, இகரச் சுழி. யூடிஎஃப்-8ல ஒவ்வொண்ணும் மூணு பைட், ஆக 12. நாலு கேள்விக்குறி வந்தா, ப்ரோக்ராம் யூனிகோட் எழுத்தா அதைப் புரிஞ்சுக்கிட்டு, பிறகு ஒரு சின்ன அட்டவணைக்கு மாத்தும்போது தொலைச்சிருக்கு. 12 வந்தா, அது எழுத்தாவே புரிஞ்சுக்கலை, பைட்டு பைட்டா பாத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்விக்குறி வெச்சிருக்கு. லினக்ஸ்ல பழைய எல்எஸ் அப்படிச் செய்யும். அந்த மாணவியோட ‘செலவு’க்கு அஞ்சு வந்துச்சுல்ல? எண்ணிப் பாருங்க. ச, ஒற்றைக் கொம்பு, ல, வ, உகரம். அஞ்சேதான். பழைய வாசல் கேஸ்.

சரி, அடுத்தது கோழிக் கிறுக்கல். இது அவங்க அனுப்பின படத்துல இல்லை, ஆனா நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. தமிழ் வரவேண்டிய இடத்துல, ஆங்கில ஏ மேல ஒரு சாய்கோடு போட்ட எழுத்து, அடுத்து வட்டத்துக்குள்ள ஆர், அந்த ட்ரேட்மார்க் மாதிரி, அப்புறம் ஏதோ ஒண்ணு. மறுபடி ஏ, மறுபடி வட்ட ஆர். இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தா கண்ணை மூடிட்டுச் சொல்லலாம்: அது யூடிஎஃப்-8 தமிழ், 1252 அட்டவணையை வெச்சு யாரோ படிக்கறாங்க. அதே கமாண்ட் ப்ராம்ப்ட்ல வந்தா முகம் வேற மாதிரி இருக்கும். கிரேக்க ஆல்ஃபா, அப்புறம் பிரெஞ்சுக்காரங்க போடுற இரட்டைக் கோண மேற்கோள். ஏன்னா கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்குத் தனி அட்டவணை, 437. அது ஐபிஎம் பிசி காலத்து சொத்து.

இது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. பைட் எல்லாம் பத்திரமா இருக்கு, படிக்கிறவர்தான் தப்பான அட்டவணையைக் கையில வெச்சிருக்கார். கமாண்ட் ப்ராம்ப்ட்ல சிஎச்சிபின்னு அடிச்சா இப்ப எந்த கோட் பேஜ்னு சொல்லும். சிஎச்சிபி ஒரு ஸ்பேஸ் 65001ன்னு அடிச்சா யூடிஎஃப்-8க்கு மாறும், அந்த விண்டோ மூடுற வரைக்கும்.

எல்லாரும் கண்ணை மூடிட்டுச் சொல்ற வைத்தியம் இந்த 65001தான். கிறுக்கலுக்கு இது மருந்து. கேள்விக்குறிக்கு பல நேரம் இது மருந்தே இல்லை. ஏன்னா சிஎச்சிபி மாத்துறது அந்தக் கறுப்பு விண்டோவோட அட்டவணையை மட்டும். பழைய வாசல்ல நிக்கிற 1252 அப்படியேதான் இருக்கும். அன்னைக்கு நான் 65001 போட்டிருந்தாலும் என் டூல் அதே நாலு கேள்விக்குறியைத்தான் காட்டியிருக்கும். ரெண்டையும் சேர்த்து மாத்தணும்னா ரீஜன் செட்டிங்ஸ்ல, ‘உலக மொழிகளுக்கு யூடிஎஃப்-8 பயன்படுத்து’ங்கிற மாதிரி ஒரு டிக் பாக்ஸ் இருக்கு, பக்கத்துல பீட்டான்னு போட்டு. விண்டோஸ் 10ல 2018 வாக்குல வந்துச்சு. நான் என் மெஷின்ல போட்டிருக்கேன். ஆனா ஆபீஸ்ல பழைய அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் ஓடுற கம்ப்யூட்டர்ல போடாதீங்க. 1252ஐ நம்பி எழுதின ப்ரோக்ராம்கள் தடுமாறும்.

பவர்ஷெல் ஆட்களுக்கு ஒரு வரி. விண்டோஸோட வர்ற பழைய 5.1ல, பைப் போட்டு வெளி ப்ரோக்ராமுக்கு அனுப்புற எழுத்து, சும்மா விட்டா, ஆஸ்கியாத்தான் போகும். தமிழ் அங்கேயே கேள்விக்குறி. அவுட்புட் என்கோடிங்னு ஒரு வேரியபிள் இருக்கு, அதை மாத்தணும். பவர்ஷெல் 7ல இந்தத் தலைவலி இல்லை, நேராவே யூடிஎஃப்-8.

இடையில ஒண்ணு. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல பேர் வெச்ச ஃபைல்கள் உங்க வீட்டு சிடில இருக்கலாம். அது டெர்மினல்ல அர்த்தமில்லாத ஆங்கிலமா தெரியும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் அது ஆங்கிலமேதான், தமிழா தெரிஞ்சது ஃபான்டோட வேஷம். கவனிக்க வேண்டியது, பாமினில புள்ளிக்கு அரைப்புள்ளிக் குறி. பாஷ்ல அரைப்புள்ளின்னா ‘ஒரு கமாண்ட் முடிஞ்சுது, அடுத்தது ஆரம்பம்’. மேற்கோளுக்குள்ள போடாம அந்தப் பேரை ஒட்டினா, உங்க ஃபைல் பேர் நடுவுல உடைஞ்சு பாதி தனி கமாண்டா ஓடும். ‘தமிழ்’ங்கிற வார்த்தை முடியறதே புள்ளியிலதான்.

இப்ப காலிப் பெட்டி. இதுதான் கண்ணாடியை வீட்ல வெச்ச கதை. சோதனை ரொம்ப சுலபம். அந்தப் பெட்டிகளைச் செலக்ட் பண்ணி, காப்பி பண்ணி, வாட்ஸ்அப்ல உங்களுக்கே அனுப்பிப் பாருங்க. தமிழா வந்துச்சுன்னா, ப்ரோக்ராம் சரி, எரர் மெசேஜ் சரி, உங்க டெர்மினல் ஃபான்ட்ல தமிழ் இல்லை. அங்கேயே நிறுத்திடுங்க, வேற எதையும் நோண்டாதீங்க. விண்டோஸோட வர்ற லதா, நிர்மலா ஃபான்ட்கள்ல தமிழ் அழகா இருக்கு. ஆனா எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் இருக்கிற ஃபான்ட்தான் பழைய கறுப்பு விண்டோவுக்கு வேணும், அதனால அந்தப் பட்டியல்லயே இதெல்லாம் வராது. விண்டோஸ் டெர்மினல் போட்டுக்கோங்க. ஒரு ஃபான்ட்ல எழுத்து இல்லைன்னா அது இன்னொரு ஃபான்ட்ல தேடி எடுத்துக்கும்.

இந்த வாட்ஸ்அப் சோதனையை எந்த வகைக்கும் முதல்ல செய்யலாம். கேள்விக்குறியா இருந்தா அங்கேயும் கேள்விக்குறியாத்தான் போய் விழும். அப்பவே தெரிஞ்சுடும், பேர் போயிடுச்சுன்னு. ஒரு நிமிஷ வேலை.

கறுப்பு வைரத்துக்குள்ள வெள்ளைக் கேள்விக்குறி வந்தா அது வேற. படிக்கிறவர் ‘இந்த பைட் செல்லாது’ன்னு போடுற முத்திரை அது. மூல ஃபைல் இன்னும் நல்லா இருக்கலாம். ஆனா அதை அந்த எடிட்டர்லயே சேவ் பண்ணிட்டீங்கன்னா, வைரம் நிஜமாவே உள்ளே போயிடும். சேவ் பண்ணாம மூடுங்க.

இனி மூணாவது படம், 340, 256. பாக்க இதுதான் மோசமா இருக்கு. அந்தப் பொண்ணும் “சர்வர்லதான் ரொம்ப கரப்ட் ஆயிருக்கு”ன்னு நினைச்சிருந்தாங்க. எனக்கு மூணுல ரொம்பப் பிடிச்சது இதுதான்.

இது யூடிஎஃப்-8 பைட்களை எண்மக் கணக்குல எழுதினது. தமிழ் எழுத்து எல்லாமே 340ல ஆரம்பிக்கும், அடுத்தது 256 அல்லது 257, மூணாவது நம்பர்தான் எந்த எழுத்துன்னு சொல்லும். 340, 256, 232ன்னா ‘ச’. 340, 257, 215ன்னா புள்ளி. இந்தியா இருந்தா 340 அப்புறம் 244 அல்லது 245, மலையாளம்னா 264 அல்லது 265. ஒரு நாள் சர்வர் லாக்ல 340, 256 பாத்தீங்கன்னா, ‘அட, நம்ம ஆளு’ன்னு தோணும். தோணணும்.

ஏன் இப்படி வருது? அந்த சர்வர்ல லோக்கேல்னு கமாண்ட் அடிச்சா தெரியும். லாங், எல்சி சிடைப், எல்சி ஆல்னு சில வேரியபிள்கள் வரும். எல்சி சிடைப்தான் ‘எந்த எழுத்தெல்லாம் எழுத்து’ன்னு முடிவு பண்றது. எல்சி மெசேஜஸ், எரர் எந்த மொழியில வரணும்னு முடிவு பண்றது. எல்சி ஆல் எல்லாருக்கும் மேலதிகாரி, அது இருந்தா மத்தவங்க பேச்சு எடுபடாது. இது எதுவுமே செட் ஆகலைன்னா, ‘சி’ங்கிற லோக்கேல்ல நிக்கும். அதுக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் எழுத்து. டாக்கர் கன்டெய்னர்கள்ல இது சகஜம். மேக்கிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு எஸ்எஸ்எச் போட்டா இன்னொரு வேடிக்கை. மேக் தன்னோட எல்சி சிடைப்பை வெறும் ‘யூடிஎஃப்-8’னு அனுப்பும், லினக்ஸ் அப்படி ஒரு லோக்கேலே இல்லைன்னு புலம்பும்.

‘சி’ லோக்கேல்ல இருக்கிற புது எல்எஸ், தனக்குப் புரியாத பைட்டைத் தூக்கிப் போடாது. 2016லேருந்து அது பேரை டாலர் குறி, ஒற்றை மேற்கோள், உள்ளே நம்பர்னு எழுதிக் காட்டுது. ‘எனக்கு இந்தக் கையெழுத்து தெரியாது, ஆனா ஒவ்வொரு கோட்டையும் அப்படியே வரைஞ்சு வெச்சிருக்கேன்’னு சொல்ற மொய்க் கணக்கர் மாதிரி. அதை அப்படியே காப்பி பண்ணி பாஷ்ல ஒட்டினா சரியான ஃபைல் கிடைக்கும். நான் அன்னைக்கு விண்டோஸ்ல செஞ்ச அதே காரியத்தை இங்கே செஞ்சிருந்தா ஒரே ஒரு ஃபைல்தான் அழிஞ்சிருக்கும். கிட்டும் இதே வம்சம். கிட் ஸ்டேட்டஸ்ல தமிழ் ஃபைல் பேர் 340, 256ன்னு வந்தா லோக்கேலைத் திட்டாதீங்க. கோர் கோட்பாத்னு ஒரு செட்டிங் சும்மாவே ஆன்ல இருக்கும், ஆஃப் பண்ணினா தமிழ் வந்துடும்.

பைத்தானும் இதுல ஒரு நல்ல காரியம் பண்ணுது, பலருக்குத் தெரியாது. அது சாதாரண அவுட்புட்டையும் எரர் அவுட்புட்டையும் வேற வேற மாதிரி நடத்தும். சாதாரண பிரிண்ட்ல எழுத முடியாத எழுத்து வந்தா ப்ரோக்ராமே விழுந்துடும், சார்மேப் என்கோட் பண்ண முடியலைன்னு. ஆனா எரர் மெசேஜ் எழுதுற பாதையில, முடியாத எழுத்தை சாய்கோடு, யூ, நம்பர்னு எழுதிட்டுப் போயிடும். எரரைச் சொல்ல வந்தவன் எரர்லயே செத்துடக் கூடாதுன்னு யாரோ யோசிச்சிருக்காங்க.

‘ஸ்க்ரீன்ல சரியா வருது, லாக் ஃபைலுக்குத் திருப்பினா உடையுது’ன்னு சிலர் கேட்டிருந்தீங்க. அதுவும் இதோட சேர்ந்ததுதான். பைத்தான் 3.6லேருந்து விண்டோஸ் கன்சோல்ல நேரா யூனிகோட்ல எழுதுது. ஆனா ஃபைலுக்குத் திருப்பின உடனே அது கன்சோல் இல்லை, பழைய 1252 அட்டவணையைத் தூக்கிட்டு வந்துடும். 3.7லேருந்து பைத்தான்யூடிஎஃப்8ங்கிற வேரியபிளை 1ன்னு வெச்சா போதும். 3.15லேருந்து இதுவே இயல்புன்னு முடிவாகியிருக்கு.

இன்னொரு பழக்கம் பத்திச் சொல்லணும். எரர் வேற மொழியில வந்தா தேட முடியலைன்னு, ‘எல்சி ஆல் சமம் சி போட்டு ஓட்டு’ம்பாங்க. ஆங்கிலத்துல எரர் வரும், உண்மைதான். ஆனா அதே சமயம் உங்க தமிழ் ஃபைல் பேர்களையும் நம்பர் ரயிலாக்கிடும். சில ப்ரோக்ராம்ல கேள்விக்குறியாக்கிடும். பிரச்சினையைப் பாக்கப் போட்ட லைட்டே புதுசா ஒரு பிரச்சினையைக் கொண்டுவருது. அதுக்குப் பதிலா சி டாட் யூடிஎஃப்-8ன்னு போடுங்க. மெசேஜ் ஆங்கிலத்துல, எழுத்தெல்லாம் பத்திரம். டெபியன்ல ரொம்ப நாளா இருக்கு, ஜிலிப்சி 2.35லேருந்து, அதாவது 2022லேருந்து, மூலத்துலயே சேர்த்துட்டாங்க. டாக்கர் ஃபைல்ல நான் கண்ணை மூடிட்டுப் போடுற வரி இது.

அழிக்கிற விஷயத்துல இப்ப என் பழக்கம் இது. எரர்ல இருக்கிற பேரை நான் ஒட்டுறதே இல்லை. ஃபோல்டருக்குப் போய், டேப் கீயைத் தட்டித் தட்டி, ஷெல்லே நிஜப் பேரைக் கொண்டுவரட்டும்னு விட்டுடுவேன். கேள்விக்குறியோ நட்சத்திரமோ இருந்தே ஆகணும்னா, டெல்லுக்கு முன்னாடி அதே பேரை டிர்ல போட்டு, எத்தனை வருதுன்னு பாப்பேன். லினக்ஸ்ல பேரே வேண்டாம்னா எல்எஸ் மைனஸ் ஐ போட்டா ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோட் நம்பர் வரும். ஃபைண்ட் கமாண்டுக்கு அந்த நம்பரைக் கொடுத்து அழிக்கலாம்.

அந்த மாணவிக்கு நான் எழுதின பதில் இதோட சுருக்கம்தான். மூணாவதுதான் நிஜம், பாக்க அசிங்கமா இருந்தாலும். ரெண்டாவதும் நிஜம், தோழியோட டெர்மினலுக்குத்தான் காட்டத் தெரியலை. முதல்ல இருக்கிறது ‘செலவு’ இல்லை, அந்த மெசேஜ்ல இருந்து எதையும் காப்பி பண்ணி எங்கேயும் ஒட்டாதீங்க.

நேத்து பதில் வந்துச்சு. சர்வர்ல லோக்கேல் பாத்தாங்களாம், லாங் காலியா இருந்துச்சாம். சி டாட் யூடிஎஃப்-8 போட்டதும் தமிழ் வந்துடுச்சு. கூடவே நாலாவதா ஒரு ஸ்க்ரீன்ஷாட். ‘செலவு’ல அந்த ஒற்றைக் கொம்பு ‘ச’வுக்கு முன்னாடி நிக்காம, பின்னாடி போய் ஒரு புள்ளி வட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. “அண்ணா, இது என்ன புதுசா?”

அது புதுசு இல்லை. யூனிகோட்ல ‘செ’ன்னா முதல்ல ‘ச’, அப்புறம்தான் கொம்பு. அதை முன்னாடி இழுத்து வெச்சு வரையறது, வரையற ஆளோட வேலை. டெர்மினல்கள் பலதும் ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்துன்னு கட்டம் போட்டு வரையறவை, பக்கத்து கட்டத்துக்குள்ள கை நீட்டப் பழகாதவை. எம்எல்டெர்ம் மாதிரி சிலது இதைச் செய்யும். அந்தக் கொம்பு இடம் மாறி நின்னாலும் ஃபைல் பேர் சரியாத்தான் இருக்கு, வாட்ஸ்அப்ல ஒட்டிப் பாருங்கன்னு எழுதினேன். ஒட்டிப் பாத்துட்டு ‘செலவு’ன்னு ஒரே வார்த்தை திருப்பி அனுப்பினாங்க. சரியா வந்திருந்துச்சு.